டிஸ்ட்ரிபியூட்டட் ஒப்ஜெக்ட் புரோகிராமிங்: வன்னியில் படிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகத்தில் படிப்பவர்கள், கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடத்தில் படிப்பவர்கள், வேலைக்குப் போய்க்கொண்டே கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பி.ஐ.டி. வெளிவாரிப் பட்டத்தைச் செய்பவர்கள் எனப் பலரும் இந்தப் பாடம் பற்றி என்னிடம் கேட்கிறார்கள். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அதனால் அவர்கள் கேட்ட பேச்சிலேயே கேள்விகளைப் போட்டு, கீழே பதில் எழுதியிருக்கிறேன். பாடத்தின் பெயர் இடத்துக்கு இடம் மாறும். சிலருக்கு இது தனிப்பாடம், சிலருக்கு டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம்ஸ் பாடத்துக்குள் இரண்டு மூன்று வாரம். செய்முறை பெரும்பாலும் ஜாவா ஆர்.எம்.ஐ.யில் (வேறு கணினியிலுள்ள ஒப்ஜெக்ட்டின் மெதட்டைக் கூப்பிட ஜாவா தரும் வசதி) நடப்பதால் பதில்களும் அதை ஒட்டியே போகும்.

உதாரணத்துக்கு ஒரே ஒரு கற்பனை அமைப்பைத்தான் எடுத்துக்கொள்கிறேன். குளக்கட்டில் ஒரு சிறிய கணினி இருக்கிறது. அதில் "குளம்" என்ற ஒப்ஜெக்ட் ஓடுகிறது. நீர்மட்டம் எத்தனை அடி என்று கேட்கலாம், துருசுக் கதவைத் திறக்கலாம், மூடலாம். நீர்ப்பாசன அலுவலகத்தில் இருக்கும் மடிக்கணினியிலிருந்து அதை இயக்கவேண்டும். கூப்பிடும் மடிக்கணினி கிளையன்ட், குளக்கட்டுக் கணினி சேர்வர்.

"அக்கா, டிஸ்ட்ரிபியூட்டட் ஒப்ஜெக்ட் எண்டா என்ன? சொக்கெட்டைத்தானே வேற பேரில சொல்லினம்?"

அடியில் ஓடுவது சொக்கெட்தான், அதாவது இரண்டு புரோகிராம்கள் நெட்வேர்க்கில் பைட்களை அனுப்பி வாங்கும் இணைப்பு முனை. ஆனால் சொக்கெட்டில் நேரே எழுதினால், செய்தி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எண்ணை எத்தனை பைட்டில் அனுப்புவது, வந்த பதில் எந்தக் கேள்விக்குரியது என்பதெல்லாம் உங்கள் தலையில் விழும். டிஸ்ட்ரிபியூட்டட் ஒப்ஜெக்ட்டில் அந்த வேலையை நூலகம் பார்த்துக்கொள்ளும். அலுவலகக் கணினியில் "குளம்" ஒப்ஜெக்ட்டைக் குறிக்கும் ஒரு றெபரன்ஸ் உங்களிடம் இருக்கும். வழமையான மெதட்டைக் கூப்பிடுவது போலவே கூப்பிடுவீர்கள். வேலை நடப்பது குளக்கட்டில், விடை வருவது உங்கள் கையில்.

இந்த யோசனை ஒப்ஜெக்ட்டோடு பிறந்ததல்ல. சீராக்ஸ் பார்க் ஆய்வுகூடத்தில் இருந்த பிரெல், நெல்சன் என்ற இருவர் தூரத்துக் கணினியிலுள்ள புரொசீஜரைக் கூப்பிடுவது எப்படி என்று 1984இல் விரிவாக எழுதினார்கள். அதோடு அடையாளத்தையும் உள்நிலையையும் சேர்த்தால் ஒப்ஜெக்ட். "நீர்மட்டம் என்ன" என்று பொதுவாகக் கேட்பதல்ல, இந்தக் குளத்தின் நீர்மட்டம் என்ன என்று கேட்பது.

"ஸ்டப், ஸ்கெலிட்டன் எண்டு நோட்ஸில கிடக்கு. அதுகளை நான் எழுதவேணுமோ?"

வேண்டாம். ஸ்டப் கிளையன்ட் பக்கத்தில் இருக்கும் பதிலாள். நீங்கள் கூப்பிடுவது உண்மையில் அதைத்தான். அது மெதட்டின் பெயரையும் நீங்கள் கொடுத்த பெறுமதிகளையும் பைட்களாக மடித்து அனுப்பும். இந்த மடிப்பு வேலைக்குத்தான் மார்ஷலிங் என்று பெயர். மறுமுனையில் அதைப் பிரித்து உண்மையான ஒப்ஜெக்ட்டைக் கூப்பிடும் பகுதி ஸ்கெலிட்டன்.

பழைய நோட்ஸை வைத்துப் படிப்பவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். 1998இல் வந்த ஜாவா 1.2இலிருந்து ஆர்.எம்.ஐ.க்குத் தனி ஸ்கெலிட்டன் வகுப்பு தேவையில்லை. 2004இல் வந்த ஜாவா 5இலிருந்து ஸ்டப்பும் ஓடும்போது தானாகவே உருவாகிறது. ஸ்டப் செய்யும் ஆர்.எம்.ஐ.சி. என்ற கருவியை ஜாவா 15இல் எடுத்தே விட்டார்கள். லாப் தாளில் "ஆர்.எம்.ஐ.சி. ஓட்டவும்" என்று இருந்து, உங்கள் கணினி அப்படியொரு கட்டளையே இல்லை என்று சொன்னால், அந்தப் படியைத் தாண்டிப் போங்கள். சோதனைத் தாளில் மட்டும் இரண்டையும் வரைந்து காட்டத்தான் வேண்டும்.

"ரெஜிஸ்ட்ரி எண்டது சேர்வரோ?"

இல்லை, அது பெயர்ப் பட்டியல். "குளம்" என்ற பெயரைக் கொடுத்தால் அதற்குரிய ஸ்டப்பைத் திருப்பித் தரும், அவ்வளவுதான். வழமையான போர்ட் 1099. ஸ்டப் கைக்கு வந்தபிறகு நீங்கள் செய்யும் கோல்கள் (மெதட்டைக் கூப்பிடும் அழைப்புகள்) ரெஜிஸ்ட்ரி வழியாகப் போவதில்லை. ஒப்ஜெக்ட் இருக்கும் இடத்துக்கு, அதற்கென்று உள்ள வேறொரு போர்ட்டுக்கு நேரே போகும். இந்த ஒரு வரியை மனதில் வையுங்கள், கீழே இரண்டு கேள்விகளுக்கு இதுதான் விடை. இன்னொன்று: ரெஜிஸ்ட்ரியில் பெயரைப் பதியும் புரோகிராம் அதே கணினியில்தான் ஓடவேண்டும். வேறு கணினியிலிருந்து பதியப் பார்த்தால் மறுத்துவிடும்.

"கோர்பா செத்துப்போச்சு எண்டினம். பிறகேன் அதை இன்னும் படிப்பிக்கினம்?"

செத்தது பெரும்பாலும் உண்மை. கோர்பாவை வகுத்த ஓ.எம்.ஜி. என்ற கூட்டமைப்பு 1989இல் உருவானது. கோர்பாவின் முதல் பதிப்பு 1991இல் வந்தது. எந்த மொழியில் எழுதிய ஒப்ஜெக்ட்டும் எந்த மொழியில் எழுதிய ஒப்ஜெக்ட்டோடும் பேசவேண்டும் என்பது அதன் நோக்கம். மைக்ரோசொப்ட் 1996இல் இதே வேலைக்கு டீகொம் கொண்டுவந்தது. ஜாவா 1.1உடன் 1997இல் ஆர்.எம்.ஐ. வந்தது. அந்தக் காலத்தில் எதிர்காலமே இதுதான் என்றார்கள். 2018இல் வந்த ஜாவா 11 கோர்பாவைத் தன் பெட்டியிலிருந்து நீக்கிவிட்டது. அதனால்தான் பழைய கோர்பா அசைன்மென்ட் புதிய ஜாவாவில் கொம்பைல் ஆகாது. ஜாவா 8 ஒன்றைப் பக்கத்தில் வைத்திருந்தால் ஆகும்.

ஆனால் கோர்பாவின் மிகப் பெரிய யோசனை சாகவில்லை. ஒப்ஜெக்ட் என்ன செய்யும் என்பதை எந்த மொழிக்கும் சொந்தமில்லாத ஒரு விவரண மொழியில், அதாவது ஐ.டி.எல்.இல், முதலில் எழுதிவிட்டு, அதிலிருந்து அந்தந்த மொழிக்கான கோட்டை உருவாக்குவது. உங்கள் கையிலுள்ள ஆண்ட்ராய்ட் போனில் ஒரு செயலி இன்னொன்றோடு பேசுவதற்கு ஏ.ஐ.டி.எல். இருக்கிறது. அதில் எழுதினால் ஸ்டப், புரொக்சி என்ற இரண்டு வகுப்புகள் உருவாகும். லினக்ஸ் மேசைக்கணினியில் டீபஸ் இருக்கிறது. கூகுள் 2015இல் வெளியிட்ட ஜி.ஆர்.பி.சி.யும் விவரணத்தை முதலில் எழுதச் சொல்லும் வகைதான். ஆக, கோர்பாவின் ஐ.டி.எல்.ஐயும் கட்டமைப்பையும் கவனமாகப் படியுங்கள். அதன் நீண்ட சேவைப் பட்டியலைச் சோதனைக்கு முதல்நாள் பார்த்தால் போதும்.

"எனக்கு ஜாவா அவ்வளவு வராது. பைத்தனில செய்யலாமோ?"

விளங்கிக்கொள்வதற்குச் செய்யலாம். பைத்தனில் பைரோ என்றொரு நூலகம் இருக்கிறது; இதே வேலையைக் குறைந்த வரிகளில் செய்யும். அசைன்மென்டுக்கு விரிவுரையாளரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

"ஒவ்வொரு மெதட்டுக்கும் ரிமோட் எக்செப்ஷன் போடச் சொல்லுது. எரிச்சலா கிடக்கு. அதை ஒளிச்சு வைக்கேலாதோ?"

ரிமோட் எக்செப்ஷன் என்பது தூரத்துக் கோல் தவறியதைச் சொல்லும் பிழை அறிவிப்பு. எரிச்சல் வரவேண்டும் என்றே அப்படி வைத்திருக்கிறார்கள். 1994இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஆய்வுகூடத்தில் ஜிம் வால்டோ, ஜெப் வயன்ட், ஆன் வோல்ராத், சாம் கெண்டல் ஆகிய நால்வர் ஒரு சிறிய அறிக்கை எழுதினார்கள். தூரத்து ஒப்ஜெக்ட்டையும் பக்கத்து ஒப்ஜெக்ட்டையும் ஒன்றுபோல் காட்ட முயல்வது பிழையான வழி என்பது அவர்கள் வாதம். வித்தியாசங்கள் நான்கு என்றார்கள்: தாமதம், நினைவகத்தை அணுகும் விதம், ஒரு பகுதி மட்டும் செயலிழப்பது, ஒரேநேரத்தில் பலர் கூப்பிடுவது. அந்த நால்வரில் ஒருவரான ஆன் வோல்ராத்தான் பின்னர் ஜாவா ஆர்.எம்.ஐ.யை வடிவமைத்தவர். அதனால் ஆர்.எம்.ஐ. தூரத்து ஒப்ஜெக்ட்டை மறைக்கவில்லை. ரிமோட் என்று அறிவிக்கச் சொல்லும். எக்செப்ஷனைப் பிடிக்கச் சொல்லும்.

என்னைக் கேட்டால் இந்தப் பாடம் முழுவதுமே அந்த நான்கு வித்தியாசங்கள்தான். ஸ்டப் எப்படி உருவாகிறது என்பது கருவி பற்றிய அறிவு, கருவி மாறினால் அதுவும் மாறும். இந்த நான்கும் 1994இல் இருந்ததுபோலவே இன்றும் இருக்கின்றன. இங்கிருந்து கீழே வரும் கேள்விகளில் பல நான்கில் ஒன்றுக்குள் வந்துவிழும். எது எதற்குள் என்று நீங்களே குறித்துப் பாருங்கள். எக்செப்ஷனைப் பிடித்துவிட்டு உள்ளே ஒன்றும் எழுதாமல் விடுகிற பழக்கம் இருந்தால் மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள்.

"கோல் போன நேரம் கரண்ட் போயிட்டு. எக்செப்ஷன் வந்தது. திரும்பக் கூப்பிட்டாச் சரிதானே?"

இதுதான் "ஒரு பகுதி மட்டும் செயலிழப்பது". எக்செப்ஷன் வந்தால் மூன்றில் ஒன்று நடந்திருக்கலாம்: கோல் குளக்கட்டுக்குப் போய்ச் சேரவே இல்லை; போய்ச் சேர்ந்தது, ஆனால் வேலை பாதியில் நின்றது; வேலை முழுதாக முடிந்தது, ஆனால் பதில் வரும் வழியில் தொலைந்தது. கிளையன்ட் பக்கம் இருந்து பார்த்தால் பெரும்பாலும் மூன்றும் ஒன்றுபோலவே தெரியும். தனிக் கணினியில் ஓடும் புரோகிராமுக்கு இந்தச் சிக்கல் இல்லை, கரண்ட் போனால் எல்லாம் சேர்ந்தே போகும். இங்கே நீங்கள் இருக்கிறீர்கள், மற்ற ஆள் இருக்கிறாரா என்று தெரியாது.

இனிக் கதவைப் பாருங்கள். உங்கள் மெதட் "கதவை இன்னும் ஒரு அடி உயர்த்து" என்று இருந்தால், திரும்பக் கூப்பிடுவது ஆபத்து. முதல் கோலில் ஒரு அடி ஏறியிருந்தால் இப்போது இரண்டடி. வாய்க்கால் வரம்பு உடைந்து வயலுக்குள் வெள்ளம். மெதட் "கதவு ஒரு அடி திறந்திருக்கவேண்டும்" என்று இருந்தால் பத்துத் தரம் கூப்பிட்டாலும் கதவு ஒரு அடியில்தான் நிற்கும். இப்படித் திரும்பத் திரும்பச் செய்தாலும் விளைவு மாறாத மெதட்டை ஐடெம்பொட்டன்ட் என்பார்கள். இன்டர்பேஸ் எழுதும்போதே "உயர்த்து" வகை மெதட்டை "இந்த அளவில் வை" வகைக்கு மாற்ற முடியுமா என்று பாருங்கள்.

மாற்ற முடியாத இடங்களும் உண்டு. நெல் கொள்வனவுப் பதிவில் "50 மூட்டை சேர்" என்பதை அப்படி மாற்ற முடியாது. அங்கே ஒவ்வொரு கோரிக்கைக்கும் கிளையன்ட் ஒரு தனி இலக்கம் கொடுக்கவேண்டும். சேர்வர் அந்த இலக்கத்தை டேட்டாபேஸில் பதிந்து வைத்து, அதே இலக்கம் மறுபடி வந்தால் வேலையைச் செய்யாமல் பழைய பதிலையே திருப்பிக் கொடுக்கவேண்டும். ஆர்.எம்.ஐ. ஒரு கோலை அதிகபட்சம் ஒருமுறைதான் நிறைவேற்றும்; திரும்ப முயல்வதா இல்லையா என்பது உங்கள் பொறுப்பு. சோதனையில் அட் மோஸ்ட் வன்ஸ், அட் லீஸ்ட் வன்ஸ் வித்தியாசம் கேட்டால் வரைவிலக்கணத்தோடு நிறுத்தாமல் இப்படியொரு கதவை வைத்து விளக்குங்கள்.

"நான் ஒரு லிஸ்ட்டை அனுப்பினனான். சேர்வர் அதில ரெண்டு பேரைச் சேர்த்தது. என்ர பக்கம் ஒண்டும் காணேல்ல. ஏன்?"

நீங்கள் அனுப்பியது லிஸ்ட்டின் பிரதி. அடையாள அட்டையின் போட்டோகொப்பியில் கிறுக்கினால் அட்டையில் ஒன்றும் மாறாது. ஒரே ஜே.வி.எம்.இல் (ஜாவா புரோகிராமை ஓட்டும் மென்பொருள்) ஒப்ஜெக்ட்டைக் கொடுத்தால் இரண்டு பேரும் ஒரே நினைவகத்தைப் பார்ப்பார்கள். இரண்டு கணினிக்குப் பொது நினைவகம் கிடையாது, அதனால் சீரியலைசபிள் ஒப்ஜெக்ட் (பைட்களாக மடிக்கக்கூடியது) முழுதாக, அதற்குள் உள்ளவற்றையும் சேர்த்து, பிரதியாகிப் போகும். மாற்றம் உங்களுக்குத் தெரியவேண்டும் என்றால், மாறிய லிஸ்ட்டை மெதட்டின் விடையாகத் திருப்பி வாங்குங்கள்.

ரிமோட் ஒப்ஜெக்ட் ஒன்றை அனுப்பினால் கதை வேறு. அங்கே பிரதி போகாது, ஸ்டப் போகும். சேர்வர் அதில் மெதட்டைக் கூப்பிட்டால் உங்கள் கணினியில் ஓடும். இதில் ஒரு பொறி இருக்கிறது, அதிகம் பேர் விழுவதும் அதில்தான்: ரிமோட் இன்டர்பேஸை எழுதினால் மட்டும் போதாது, அந்த ஒப்ஜெக்ட் எக்ஸ்போர்ட்டும் ஆகியிருக்கவேண்டும், அதாவது வெளியிலிருந்து வரும் கோல்களை ஏற்கும்படி ஆர்.எம்.ஐ.யிடம் பதிந்திருக்கவேண்டும். ஆகாமல் அனுப்பினால், அது சீரியலைசபிள் என்றால் சத்தமில்லாமல் பிரதியாகப் போய்விடும். இல்லையென்றால் எக்செப்ஷன் வரும். எக்செப்ஷன் வந்தவர் அதிர்ஷ்டசாலி. சத்தமில்லாமல் போனவர்தான் இரவிரவாகப் பிழை தேடுவார்.

"லூப்புக்குள்ள வைச்சா ஒரு நிமிசம் எடுக்குது. கோட் சரியாத்தான் இருக்கு."

கோட் சரி, இன்டர்பேஸ் சரியில்லை. குளத்தின் கடந்த ஒரு வருட நீர்மட்டத்தை நாளுக்கொரு கோலாக எடுத்தால் 365 கோல். மொபைல் இணைப்பில் ஒரு கோல் போய்வர 100 மில்லிசெக்கன் என்று வைத்தாலே 36.5 செக்கன் ஆகிறது. இதில் சேர்வர் கணக்குப் பார்க்கும் நேரம் சேரவில்லை, எல்லாம் பயண நேரம்தான். "இந்தத் திகதியிலிருந்து அந்தத் திகதிவரை கொடு" என்று ஒரு மெதட் வைத்தால் ஒரே பயணத்தில் முடியும். ஓ.ஓ.பி. பாடத்தில் ஒவ்வொரு பீல்டுக்கும் ஒரு கெட்டர் எழுதப் பழக்கியிருப்பார்கள். ரிமோட் இன்டர்பேஸில் அந்தப் பழக்கம் உதவாது. இங்கே மெதட் குறைவாகவும், ஒவ்வொன்றும் கொண்டுவருவது அதிகமாகவும் இருக்கவேண்டும்.

"என்ர லப்டொப்பில ஓடுது. லாப்பில ரெண்டு மெஷினில போட்டா கனெக்ஷன் ரிபியூஸ்ட் எண்டு 127.0.1.1ஐக் காட்டுது. நான் அந்த ஐ.பி.யைக் குடுக்கவே இல்லையே!"

எல்லாருக்கும் ஒருமுறையாவது வரும் பிழை இது. நீங்கள் கொடுத்த ஐ.பி. ரெஜிஸ்ட்ரியைத் தேடுவதற்கு மட்டும்தான். ரெஜிஸ்ட்ரி பற்றிய பதிலில் சொன்னதை நினைத்துப் பாருங்கள்: ஸ்டப் வந்தபிறகு கோல் ஸ்டப்புக்குள் எழுதியிருக்கும் முகவரிக்குப் போகும். அந்த முகவரியை எழுதியது சேர்வர். உபுண்டு, டெபியன் கணினிகளில் ஹோஸ்ட்ஸ் கோப்பு கணினியின் பெயரை 127.0.1.1 என்று காட்டுவது வழக்கம். சேர்வர் தன் முகவரி அதுதான் என்று நம்பி ஸ்டப்பில் எழுதிவிடுகிறது. கிளையன்ட் அதை வாங்கித் தன்னிடமே தட்டிக்கொண்டு நிற்கிறது.

சேர்வரைத் தொடங்கும்போது ஆர்.எம்.ஐ. சேர்வர் ஹோஸ்ட்நேம் என்ற சிஸ்டம் புரொப்பர்ட்டியில் லாப் நெட்வேர்க்கில் உள்ள உண்மையான ஐ.பி.யைக் கொடுங்கள், தீர்ந்துவிடும். பெயரைத் தேடும் வரி வேலைசெய்து அடுத்த வரியில் மெதட் கோல் விழுந்தால் இந்த நோய்தான். தேடும் வரியே விழுந்தால் விண்டோஸ் பயர்வோலைப் பாருங்கள். வைபையை "பப்ளிக்" என்று குறித்திருந்தால் ஜாவாவுக்கு வரும் இணைப்புகளை அது மறித்துவிடும்.

"லப்டொப் ஒண்டுதான் இருக்கு. ரெண்டு மெஷின் எங்கால எடுக்கிறது?"

ஒரே மடிக்கணினியில் இரண்டு ஜே.வி.எம். ஓட்டித் தொடங்குங்கள். பிரதி, எக்செப்ஷன், திரெட் (ஒரு புரோகிராமுக்குள் தனியாக ஓடும் வேலைத்தடம்) எல்லாம் அதிலேயே பார்க்கலாம். பிறகு ஒரு மாலையாவது கூட்டாளியின் மடிக்கணினியோடு ஒரே போன் ஹொட்ஸ்பொட்டில் இணைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் இடையில் டேட்டா செலவாகாது, ஹொட்ஸ்பொட்டுக்குள்ளேயே ஓடும். ஆனால் முன்பே விண்டோஸ் அப்டேட்டை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் கூட்டாளியின் மாதப் பக்கேஜ் முடிந்துவிடும்.

"நான் புதுக்குடியிருப்பில வீட்டில. குறூப்பில மற்றவ வவுனியாவில. ஐ.பி. குடுத்தும் கனெக்ட் ஆகேல்ல."

நீங்கள் கொடுத்தது 192.168 என்று தொடங்கும் ஐ.பி. என்றால் அது உங்கள் வீட்டு ரவுட்டருக்குள் மட்டும் செல்லும். "என் ஐ.பி. என்ன" என்று இணையத்தில் தேடி எடுத்ததும் பல மொபைல் இணைப்புகளில் உதவாது. ஒரு பொது ஐ.பி.யைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கிட்டு வைத்திருப்பார்கள். உங்கள் ரவுட்டருக்கு 100.64 முதல் 100.127 வரையான தொடக்கம் உள்ள முகவரி வந்திருந்தால் அதுதான் நிலை. வெளியிலிருந்து உங்கள் வீட்டுக்கு இணைப்பைத் தொடங்க வழி இருக்காது, போர்ட் போர்வேர்டிங் செய்தாலும் சரிவராது.

சுலபமான வழி, டெயில்ஸ்கேல் அல்லது ஸீரோடியர் போன்ற ஒன்றை இரண்டு பக்கமும் போடுவது. இரண்டு கணினியும் ஒரே நெட்வேர்க்கில் இருப்பதுபோல் ஆகும். 127.0.1.1 பற்றிய பதிலில் சொன்ன ஹோஸ்ட்நேம் இடத்தில் அந்த நெட்வேர்க் தந்த ஐ.பி.யைப் போடுங்கள். எஸ்.எஸ்.எச். சுரங்கம் போட விரும்பினால் இன்னொரு வேலை இருக்கிறது: ஒப்ஜெக்ட்டின் போர்ட் ஒவ்வொரு முறையும் மாறும், அதனால் எக்ஸ்போர்ட் செய்யும்போது ஒரு நிலையான போர்ட்டைக் கொடுக்கவேண்டும். ரெஜிஸ்ட்ரியும் ஒப்ஜெக்ட்டும் ஒரே ஜே.வி.எம்.இல் இருந்தால் இரண்டுக்கும் 1099ஐயே கொடுக்கலாம், ஒரு சுரங்கம் போதும்.

"ரெண்டு பேர் ஒரே நேரத்தில கூப்பிட்டா ஆர்.எம்.ஐ. வரிசையில விடுமோ?"

விடாது. எந்தக் கோல் எந்தத் திரெட்டில் ஓடும் என்பதற்கு ஆர்.எம்.ஐ. எந்த உத்தரவாதமும் தருவதில்லை. இரண்டு அலுவலர் ஒரே கதவை ஒரே நேரத்தில் இயக்கினால் இரண்டு திரெட்டும் ஒரே ஒப்ஜெக்ட்டுக்குள் நுழையலாம். ஒரு நேரத்தில் ஒரு திரெட் மட்டும் நுழையும்படி பூட்டுப் போடுவது (ஜாவாவில் சிங்க்ரனைஸ்ட்) உங்கள் வேலை. நீங்கள் திரெட் ஒன்றையும் உருவாக்காமலே உங்கள் கோட் பலதிரெட் கோட் ஆகிவிட்டது.

"சிங்க்ரனைஸ்ட் போட்டாச்சு. இப்ப கோல்பேக் வைச்ச உடனே ரெண்டு பக்கமும் உறைஞ்சு போய் நிக்குது. என்னடா இது?"

நல்ல கேள்வி, இந்தப் பக்கத்திலேயே நுணுக்கமானது இதுதான். கிளையன்ட் சேர்வரின் பூட்டிய மெதட்டைக் கூப்பிடுகிறது. அந்த மெதட் பூட்டை வைத்துக்கொண்டே கிளையன்ட்டுக்குக் கோல்பேக் செய்கிறது, அதாவது சேர்வர் திரும்பிக் கிளையன்ட்டின் மெதட்டைக் கூப்பிடுகிறது. கோல்பேக்குக்குள் கிளையன்ட் மறுபடி சேர்வரின் இன்னொரு பூட்டிய மெதட்டைக் கூப்பிடுகிறது. ஒரே ஜே.வி.எம்.இல் இது ஓடும், ஏனெனில் ஜாவாவில் பூட்டை வைத்திருக்கும் திரெட் அதே பூட்டுக்குள் மறுபடி நுழையலாம். இங்கே மூன்றாவது கோல் நெட்வேர்க்கால் சுற்றி வந்ததால் சேர்வரில் வேறொரு திரெட்டில் வந்திறங்குகிறது. அது பூட்டுக்காகக் காத்திருக்கிறது. பூட்டு வைத்திருப்பவர் கோல்பேக் முடியக் காத்திருக்கிறார். கோல்பேக் இதற்காகக் காத்திருக்கிறது.

வழி: பூட்டைப் பிடித்துக்கொண்டு வெளியே எந்த ரிமோட் கோலும் செய்யாதீர்கள். பூட்டுக்குள் கோல்பேக் பட்டியலின் பிரதியை எடுத்து, பூட்டை விட்டுவிட்டு, வெளியே வந்து ஒவ்வொருவராகக் கூப்பிடுங்கள். அப்படிக் கூப்பிடும்போது ஒரு கிளையன்ட் பதில் சொல்லாமல் இருந்தால் மற்றவர்கள் காத்திருக்க வேண்டிவரும், அதற்குத் தனித் திரெட் கொடுக்கலாம். கோல்பேக்கில் கிளையன்ட்டும் சேர்வராகிவிடுகிறது என்பதால் புதுக்குடியிருப்புக் கேள்வியில் பார்த்த முகவரிச் சிக்கல் இரண்டு பக்கமும் வரும். ஜி.ஆர்.பி.சி. இதே தேவையை கிளையன்ட் தொடங்கிய இணைப்பிலேயே ஸ்ட்ரீமாக அனுப்பிச் சமாளிக்கிறது.

"கொஞ்ச நேரம் சும்மா விட்டிட்டு வந்தா நோ சச் ஒப்ஜெக்ட் எண்டு வருது."

காரணம் இரண்டு இருக்கலாம். முதலாவது, ரெஜிஸ்ட்ரியையும் ஒப்ஜெக்ட்டையும் மெயினுக்குள் சாதாரண மாறியில் வைத்துவிட்டு மெயின் முடிந்துவிட்டது. யாரும் பிடித்திராத ஒப்ஜெக்ட்டுகளை நினைவகத்திலிருந்து அகற்றும் காபேஜ் கலெக்டர் அள்ளிக்கொண்டு போயிற்று. இரண்டையும் ஸ்டாட்டிக் பீல்டில் வையுங்கள்.

இரண்டாவது சுவாரசியமானது. தூரத்தில் ஒருவர் ஸ்டப் வைத்திருக்கும்வரை ஒப்ஜெக்ட்டை அழிக்கக்கூடாது, ஆனால் அவர் இறந்துவிட்டாரா என்று சேர்வருக்கு எப்படித் தெரியும்? அதனால் ஆர்.எம்.ஐ. குத்தகை கொடுக்கிறது. வழமையான அளவு 10 நிமிடம். கிளையன்ட் உயிரோடு இருந்தால் அதற்குள் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். கிளையன்ட் பக்கம் நெட்வேர்க் அதற்கு மேல் போய்விட்டால், உயிரோடு இருந்தாலும் குத்தகை முடிந்துவிடும். ரெஜிஸ்ட்ரியில் பதியாத, சேர்வருக்குள் வேறு யாரும் பிடித்திராத ஒப்ஜெக்ட் என்றால் அது போனதுதான். கிளையன்ட் ரெஜிஸ்ட்ரியிலிருந்து மறுபடி தொடங்கும்படி எழுதுங்கள்.

"சீரியலைசேஷன் ஆபத்தாம், ஹக் பண்ணலாமாம். உண்மையோ?"

உண்மை. வந்த பைட்களிலிருந்து ஒப்ஜெக்ட்டை உருவாக்கும்போதே தீய கோட் ஓடவைக்கும் வழிகள் 2015 அளவில் பரவலாகப் பேசப்பட்டன. ஜாவா 9இல் எந்த வகுப்புகளை ஏற்பது என்று வடிகட்டும் வசதி வந்தது. உங்கள் அளவில் சுருக்கமாக: 1099ஐ இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள், அசைன்மென்டுக்கு என்றாலும்.

"இதைப் படிச்சா வேலை கிடைக்குமோ?"

கோர்பா தெரியுமா, ஆர்.எம்.ஐ. தெரியுமா என்று விளம்பரத்தில் யாரும் கேட்பதில்லை. ரெஸ்ட், ஜி.ஆர்.பி.சி., காப்கா என்றுதான் கேட்கிறார்கள். ஆனால் நேர்முகத்தில் "பணம் கழிந்தது, பதில் வரவில்லை, பயனர் மறுபடி அழுத்துகிறார், என்ன செய்வீர்கள்" என்று கேட்டால் அது துருசுக் கதவுக் கேள்வியேதான். சுயவிவரத்தில் "ஆர்.எம்.ஐ. பாடத்திட்டம்" என்று எழுதுவதைவிட, திரும்ப முயன்றாலும் இரட்டிப்பாகாத பதிவு அமைப்பொன்றைச் செய்தேன் என்று எழுதுங்கள்.

"வைவாவில என்ன கேப்பினம்? பயமாக் கிடக்கு."

இந்தப் பாடத்தில் நல்ல பரிசோதகர் கோட்டை வரிவரியாகக் கேட்கமாட்டார். இந்த மெதட்டுக்குப் போவது பிரதியா ஸ்டப்பா என்பார். சேர்வரை இப்போது நிறுத்துகிறேன், உங்கள் திரை என்ன காட்டும் என்பார். இந்த வகுப்பு ஏன் ரிமோட், பக்கத்தில் உள்ளது ஏன் இல்லை என்பார். கடைசிக் கேள்விக்குத்தான் அதிகம் பேர் முழிப்பார்கள், ஏனெனில் எல்லா வகுப்பையும் ரிமோட் ஆக்கியிருப்பார்கள். குளம் ரிமோட் ஆகவேண்டும், ஏனெனில் கதவு அங்கே இருக்கிறது. ஒருநாள் நீர்மட்டப் பதிவு வெறும் தரவு, அது பிரதியாகப் போனால் போதும். இப்படி ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு வரி காரணம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முதல்நாள் ஒத்திகையில் கோல் ஓடிக்கொண்டிருக்கும்போது வைபையை அணைத்துப் பாருங்கள், சேர்வர் ஜே.வி.எம்.ஐக் கொன்று பாருங்கள், இரண்டு கிளையன்ட்டை ஒன்றாக ஓட்டிப் பாருங்கள். கிளையன்ட் எவ்வளவு நேரம் பேசாமல் நின்றது, பிறகு என்ன எக்செப்ஷன் வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். வைபையை அணைத்தால் வருவதும் ஜே.வி.எம்.ஐக் கொன்றால் வருவதும் ஒன்றாக இருக்காது. அது ஏன் என்பதை டி.சி.பி. பாடத்தை எடுத்துப் பார்த்துவிட்டுப் போங்கள், அதையும் கேட்பார்கள்.